உலகம் நின்ற நொடிகள்: தரவுத்தள சர்வர்களில் அன்றும் இன்றும்

ஹெச்பேஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் ஒரு பிழைச் செய்தி உண்டு. அதன் பெயர் ‘யூ ஆர் டெட் எக்ஸப்ஷன்’. கிளஸ்டர் எனப்படும் சர்வர் கூட்டத்தின் தலைமைச் சர்வர், தன் கீழ் வேலை பார்க்கும் ஒரு சர்வரிடம் ‘நீ இறந்துவிட்டதாக முடிவு செய்தாயிற்று’ என்று தெரிவிக்கும் செய்தி அது. அதைப் பெறும் சர்வருக்கு மின்சாரம் இருக்கும், வட்டு சுழலும், நெட்வொர்க் கம்பியும் செருகியபடியே இருக்கும். இருந்தும் செய்தி வந்ததும் அது தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். அதன் பொறுப்பில் இருந்த தரவுப் பகுதிகளை அதற்குள் வேறு சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். இனி அது எழுந்து எழுதத் தொடங்கினால் தரவு கெட்டுப்போகும்.

ஒவ்வொரு சர்வரும் ‘நான் இருக்கிறேன்’ என்று ஜூகீப்பர் என்ற ஒருங்கிணைப்பு மென்பொருளுக்கு விடாமல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். குறித்த கெடுவுக்குள் குரல் வராவிட்டால் அந்தச் சர்வர் இறந்ததாகக் கணக்கு. ஹெச்பேஸ் ஜாவாவில் எழுதப்பட்டது. ஜாவா நிரலின் நினைவகத்தை மேய்ப்பது ஜேவிஎம். ஹீப் எனப்படும் அந்த நினைவகப் பரப்பு நிரம்பும்போது ஜேவிஎம், நிரலின் இணை ஓட்டங்களான எல்லா த்ரெட்களையும் ஒரே சமயத்தில் நிறுத்திவைத்துவிட்டு, பயனற்றுப் போனவற்றைத் தேடி அப்புறப்படுத்தும். வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் த்ரெட் நிற்கும். ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டிய த்ரெட்டும் அதோடு சேர்ந்து நிற்கும். கெடு தாண்டிவிடும். ஹெச்பேஸ்காரர்கள் இதை ‘ஜூலியட் பாஸ்’ என்று அழைத்தார்கள். மயங்கிக் கிடந்தவளை இறந்தவளாக நம்பிய ரோமியோ என்ன செய்தான், விழித்தெழுந்த ஜூலியட் என்ன செய்தாள் என்பதை அறிந்தவர்களுக்கு இந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று புரியும்.

பொறியாளர் பேச்சில் இதற்கு ‘ஜிசி பாஸ்’ என்று பெயர்: குப்பை அகற்றுவதற்காக நிரல் நிற்கும் நேரம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பெரிய ஹீப் வைத்திருந்த தரவுத்தளங்களில் இது பல விநாடிகள் நீடிக்கும், மோசமான நாளில் நிமிடக் கணக்கில் போகும். இன்று அதே ஜாவாவில், அதைவிடப் பன்மடங்கு பெரிய ஹீப்பில், ஒரு மில்லிவிநாடிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. கணினிகள் வேகமானதால் வந்த மாற்றம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த எண்ணம் தவறு. வேகமான கணினி இந்தச் சிக்கலை அரை நூற்றாண்டாகத் தீர்க்கவில்லை.

1960க்குப் போனால் இது விளங்கும். எம்.ஐ.டி.யில் லிஸ்ப் மொழியை உருவாக்கிய ஜான் மெக்கார்த்தி அந்த ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் குப்பை அகற்றும் முறையை விவரித்தார். நினைவகம் தீர்ந்ததும் நிரலை நிறுத்து. நிரலால் எட்டிப் பிடிக்கக்கூடியவற்றை எல்லாம் ஒன்றுவிடாமல் தொட்டுக் குறியிடு. குறி விழாதவை குப்பை. அந்த இடங்களைத் திரும்ப எடுத்துக்கொள். ஐபிஎம் 704 இயந்திரத்தில் இந்த வேலைக்குப் பல விநாடிகள் ஆகும் என்று அவரே அங்கு குறிப்பிடுகிறார். லிஸ்ப் மொழியை விருந்தினர்கள் முன் முதன்முதலாக இயக்கிக் காட்டிய நிகழ்ச்சியைப் பற்றியும் அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். பாதி வழியில் நினைவகம் தீர்ந்தது. குப்பை அகற்றி அழைக்கப்பட்டது. அது தன் புள்ளிவிவரங்களை ஒரு முழுப் பக்கத்துக்கு அச்சிடும்படி எழுதப்பட்டிருந்தது. இணைத்திருந்த தட்டச்சு இயந்திரமோ விநாடிக்குப் பத்து எழுத்துகள் மட்டுமே அடிக்கும். மிச்சமிருந்த நேரம் முழுவதையும் அந்த ஒரு செய்தியே தின்றுவிடும் நிலை. அவையினர் சிரித்துச் சோர்ந்தார்கள். பின்னாளில் இரவெல்லாம் கண்விழித்த தரவுத்தளப் பொறியாளர்கள் பட்ட பாடு அந்தப் பொழுதிலேயே தொடங்கிவிட்டதாக நான் கருதுகிறேன்.

1960இல் பல விநாடிகள், 2010இலும் பல விநாடிகள். இடையில் கணினியின் வேகம் எத்தனையோ லட்சம் மடங்கு கூடியிருந்தது. ஆனால் நினைவகமும் கூடவே வளர்ந்தது. முப்பதாயிரம் சொச்சம் சொற்கள் கொண்டிருந்த நினைவகம் பல கிகாபைட் ஆனது. குறியிடும் வேலை, உயிரோடிருக்கும் தரவு எவ்வளவோ அவ்வளவுக்கு நீளும். வேகம் தந்த லாபத்தை எல்லாம் அளவு விழுங்கிவிட்டது. இடைநிறுத்தத்தின் நீளத்தை ஹீப்பின் அளவிலிருந்து அறுத்துவிடும் வரை விடிவு இல்லை.

அந்த அறுவையை நோக்கிய முதல் பெரிய அடியைப் பெர்க்லியில் டேவிட் அங்கர் 1984இல் வைத்தார். நிரல் நினைவகத்தில் உருவாக்கும் பெரும்பாலான பொருள்கள் பிறந்த கொஞ்ச நேரத்திலேயே சாகின்றன. ஆகவே புதியவற்றைத் தனிப் பகுதியில் வைத்து அதை மட்டும் அடிக்கடி சுத்தம் செய்தால் போதும் என்பது அவருடைய முறை. தப்பிப் பிழைத்தவை பழைய பகுதிக்குப் போகும். ஜாவா இதை அப்படியே எடுத்துக்கொண்டது. இணையதளச் சர்வர்களுக்கு இது அருமையாகப் பொருந்தியது. ஒரு கோரிக்கை வரும், அதற்காகச் சில பொருள்கள் பிறக்கும், பதில் போனதும் எல்லாம் செத்துவிடும்.

தரவுத்தளத்தின் கதை வேறு. ஹெச்பேஸ், அதைப் போன்ற இன்னொரு தரவுத்தளமான கசாண்ட்ரா இரண்டிலும் எழுதப்படும் தரவு முதலில் நினைவகத்தில் ஓர் அட்டவணையில் சேரும். அது நிரம்பியதும் மொத்தமாக வட்டுக்குப் போய்க் கோப்பாகும். நினைவகத்தில் இருந்த அத்தனையும் ஒரே கணத்தில் குப்பையாகும். அதாவது இந்தப் பொருள்கள் இளமையில் சாவதும் இல்லை, நிலைத்து வாழ்வதும் இல்லை. பழைய பகுதிக்குச் சிரமப்பட்டு நகர்த்தப்பட்டு, அங்கே போய்க் கொஞ்ச நேரத்தில் கூட்டமாகச் செத்து, எங்கு பார்த்தாலும் ஓட்டை விட்டுவிட்டுப் போகும். குப்பை அகற்றலை வடிவமைத்தவர்கள் மனதில் வைத்திருந்த நிரலுக்கு நேர் எதிரான நிரல் இது.

2002இல் வந்த சிஎம்எஸ் என்ற குப்பை அகற்றிதான் அன்றைய ஜாவா தரவுத்தளங்களின் வழக்கமான துணை. அது நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே குறியிடும், குப்பையை விடுவிக்கும். ஆனால் பிழைத்திருப்பவற்றை நகர்த்தி ஒழுங்குபடுத்தாது. ஆகவே ஓட்டைகள் சேர்ந்துகொண்டே போகும். கணக்குப் பார்த்தால் இரண்டு கிகாபைட் காலியாக இருக்கும். வந்து நிற்கும் பொருளுக்குத் தேவையான அளவில் தொடர்ச்சியான ஓர் இடம் இருக்காது. அப்போது சிஎம்எஸ் கையை விரித்துவிடும். ஜேவிஎம் எல்லாவற்றையும் நிறுத்தி, ஒற்றை த்ரெட்டில், ஹீப் முழுவதையும் அடுக்கிவைக்கத் தொடங்கும். இதுதான் ‘ஃபுல் ஜிசி’. பதினாறு கோர் இருந்தாலும் பதினைந்து சும்மா நிற்கும். நாள்கணக்கில் அமைதியாக ஓடிக்கொண்டிருந்த சர்வர் முன்னறிவிப்பே இல்லாமல் மௌனமானது இப்படித்தான்.

இத்தனை தரவுத்தளங்கள் ஏன் ஜாவாவுக்குப் போயின என்று கேட்கலாம். கூகுள் 2006இல் தன் தரவுத்தளமான பிக்டேபிள் பற்றிய கட்டுரையை வெளியிட்டது. கூகுளின் சொந்த பிக்டேபிள் சி++ மொழியில் எழுதப்பட்டது. அதைப் பார்த்துத் திறந்த மூலத்தில் கட்டியவர்கள் ஹடூப் என்ற பெருந்தரவு மென்பொருளின் சூழலில் இருந்தார்கள், ஹடூப் ஜாவா. ஃபேஸ்புக்கில் அவினாஷ் லட்சுமணும் பிரசாந்த் மாலிக்கும் உருவாக்கி 2008இல் வெளியே விட்ட கசாண்ட்ராவும் ஜாவா. 2010இல் வந்த எலாஸ்டிக்சர்ச்சும் ஜாவா. அந்த மொழி தந்த பாதுகாப்பும், எழுதக் கிடைத்த ஆட்களும், இருந்த நூலகங்களும் குறைத்து மதிப்பிடக்கூடியவை அல்ல. அந்தத் தேர்வைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது இல்லாவிட்டால் சிறிய நிறுவனங்களின் கைக்கு இவை வந்திருக்கவே மாட்டா.

கசாண்ட்ராவில் தலைமைச் சர்வர் கிடையாது. நோட் எனப்படும் ஒவ்வொரு சர்வரும் மற்றவற்றோடு ஊர்வம்பு பேசுவதுபோலச் செய்தி பரிமாறி, யார் இருக்கிறார், யார் இல்லை என்று தானே கணித்துக்கொள்ளும். ஒரு நோட் ஜிசியில் நின்றால் மற்றவை அதை ‘டவுன்’ என்று குறித்து, அதற்குப் போக வேண்டிய எழுத்துகளைத் தங்களிடம் சேர்த்துவைக்கும். அது திரும்பி வந்ததும் சேர்த்துவைத்ததை எல்லாம் அதன் தலையில் கொட்டும். ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த ஹீப் அந்தச் சுமையில் மறுபடி நிரம்பும், மறுபடி நிற்கும். ஒரு நோடின் இடைநிறுத்தம் கிளஸ்டர் முழுவதின் நோயாக மாறும் வழி இது. சாதாரண இணையதளச் சர்வரில் ஐந்து விநாடி நின்றால் ஐந்து விநாடி தாமதம். தரவுத்தளக் கிளஸ்டரில் ஐந்து விநாடி நின்றால் மற்றவை முடிவெடுக்கத் தொடங்கிவிடுகின்றன.

அன்றைய பொறியாளர்கள் இதோடு எப்படிக் குடும்பம் நடத்தினார்கள்? முதல் உபாயம், ஹீப்பைச் சிறியதாக வைத்துக்கொள்வது. கசாண்ட்ராவின் தொடக்க நிரல் அன்று தானே கணக்கிட்டு ஒதுக்கிய ஹீப் 8 கிகாபைட்டைத் தாண்டவில்லை. 64, 128 கிகாபைட் நினைவகம் கொண்ட இயந்திரத்தை வாங்கிவிட்டு ஜாவாவுக்கு எட்டு மட்டும் கொடுத்தார்கள். இரண்டாவது, ஜேவிஎம்முக்குத் தரும் தொடக்கக் கட்டளைகளைத் திருகுவது. பழைய பகுதி 75 விழுக்காடு நிரம்பியதும் சுத்தம் செய்யத் தொடங்கு, புதிய பகுதி இத்தனை மெகாபைட், பொருள் இத்தனை முறை பிழைத்தால் பழையதுக்கு அனுப்பு என்று நீளும் வரிசை. ஒரு கிளஸ்டரில் யாரோ நன்றாக வேலை செய்கிறது என்று கண்டுபிடித்ததை இன்னொரு கிளஸ்டரில் அப்படியே ஒட்டுவார்கள். ஏன் அந்த எண் என்று கேட்டால் சொல்ல ஆள் இருக்காது. இரவில் எச்சரிக்கை மணி அடித்ததும் எழுந்து, லாக் கோப்பில் ‘ஜிசி இன்ஸ்பெக்டர்’ என்று தொடங்கும் வரிகளைத் தேடி, எத்தனை மில்லிவிநாடி என்று பார்த்து, நோடை மறுதொடக்கம் செய்துவிட்டுப் படுத்தவர்களின் உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

உரையாடல் செயலி நடத்தும் டிஸ்கார்ட் நிறுவனம் 2017இல் எழுதிய ஓர் அனுபவம் இந்தக் காலத்தை நன்றாகக் காட்டும். மோங்கோடிபியிலிருந்து கசாண்ட்ராவுக்கு மாறி ஆறு மாதம் சுகமாகப் போனது. ஒருநாள் கசாண்ட்ரா தொடர்ந்து பத்து விநாடி நின்று நின்று போனது. காரணம் தேடிப் போனவர்கள் ஓர் உரையாடல் அறையைக் கண்டுபிடித்தார்கள். திறக்க இருபது விநாடி ஆன அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு செய்தி. பல லட்சம் செய்திகளை அதன் நிர்வாகிகள் அழித்திருந்தார்கள். கசாண்ட்ராவில் அழிப்பது என்றால் ‘இது அழிந்தது’ என்று இன்னொரு குறிப்பை எழுதுவது. அந்த ஒரு செய்தியை எடுக்கப் பல லட்சம் கல்லறைக் குறிப்புகளைப் படித்துத் தாண்ட வேண்டும். படித்தவை எல்லாம் நினைவகத்தில் குப்பையாகக் குவிந்தன. யாரோ ஒருவர் அந்த அறையைத் திறந்தால், அதே நோடில் தரவு வைத்திருந்த மற்ற எல்லாருக்கும் உலகம் நின்றது. ஒருவர் செய்த காரியத்துக்கு அவரோடு தொடர்பே இல்லாத மற்றவர்கள் காத்துக் கிடந்தார்கள் என்பதுதான் ஜிசி பாஸின் உண்மையான கொடுமை.

தீர்வுகள் மூன்று திசைகளிலிருந்து வந்தன. தரவுத்தளத்தை எழுதியவர்கள் முதலில் இறங்கினார்கள். 2011இல் கிளவுடேரா பொறியாளர் டாட் லிப்கான் ஹெச்பேஸில் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். நினைவக அட்டவணைக்கு வரும் சின்னச் சின்னத் துண்டுகளைத் தனித்தனியாகச் சிதறவிடாமல், 2 மெகாபைட் கட்டிகளில் நகலெடுத்து அடுக்குவது. அட்டவணை வட்டுக்குப் போனதும் கட்டி கட்டியாக இடம் காலியாகும். ஓட்டைகள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதால் அடுத்த கட்டி அங்கே கச்சிதமாக உட்காரும். குப்பை அகற்றியைத் தொடவே இல்லை. குப்பை விழும் விதத்தை மாற்றினார். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் வேலைகளில் இது ஒன்று.

கசாண்ட்ராக்காரர்கள் இன்னொரு வழியில் போனார்கள். தேடும் தரவு ஒரு கோப்பில் இருக்க வாய்ப்புண்டா என்று விரைவாகச் சொல்லும் ப்ளூம் ஃபில்டர்களை 1.2 பதிப்பில் ஹீப்புக்கு வெளியே எடுத்தார்கள். 2.1இல் நினைவக அட்டவணையின் பகுதிகளையும் வெளியே வைக்க வழி செய்தார்கள். ஜாவா பார்க்காத இடத்தில் வைத்தால் ஜாவா நிறுத்தாது. ஆனால் நினைவகத்தைக் கையால் ஒதுக்கி, கையால் விடுவிக்க வேண்டும். எந்தத் தொல்லை வேண்டாம் என்று அந்த மொழிக்கு வந்தார்களோ, அதே தொல்லையை அதற்குள்ளேயே மறுபடி சுமந்தார்கள்.

இரண்டாவது திசை, வெளியேறுவது. கேவிஎம் என்ற மெய்நிகர் இயந்திர மென்பொருளின் பின்னணியில் இருந்த ஆவி கிவிட்டியும் டோர் லாவோரும் 2015இல் சில்லாடிபியை வெளியிட்டார்கள். கசாண்ட்ராவைப் போலவே வெளியே நடந்துகொள்ளும். உள்ளே முழுவதும் சி++. ஒவ்வொரு கோருக்கும் தனித் தரவு, தனி நினைவகம். குப்பை அகற்றி கிடையாது. டிஸ்கார்ட் 2022இல் தன் செய்திகளை அதற்கு மாற்றியது. 177 கசாண்ட்ரா நோட்கள் செய்ததை 72 சில்லா நோட்கள் செய்தன. நூறில் தொண்ணூற்றொன்பது வாசிப்புகள் முடிய முன்பு 40 முதல் 125 மில்லிவிநாடி ஆனது, பிறகு 15 மில்லிவிநாடி ஆனது. இந்த முன்னேற்றம் முழுவதையும் குப்பை அகற்றியின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. அவர்கள் தரவுத்தளத்துக்கு முன்னால் ரஸ்ட் மொழியில் ஒரு புதிய அடுக்கையும் கட்டினார்கள். ஆனால் தொடர்ச்சியாக வந்த ஜிசி பாஸ்களால் ஒரு நோடை ஆள் உட்கார்ந்து மறுதொடக்கம் செய்து தேற்ற வேண்டியிருந்தது என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். நிதிக் கணக்குகளுக்கான டைகர்பீட்டில் இன்னும் ஒருபடி மேலே போகிறது. தொடங்கும்போதே வேண்டிய நினைவகம் முழுவதையும் ஒதுக்கிக்கொள்கிறது. அதன் பிறகு ஒதுக்குவதும் இல்லை, விடுவிப்பதும் இல்லை.

கோ மொழிக்காரர்களின் அனுபவம் நடுவில் நிற்கிறது. 2015இல் கோ 1.5 இடைநிறுத்தத்தைப் பத்து மில்லிவிநாடிக்குக் கீழே கொண்டுவருவதைக் குறியாக வைத்தது. 2017இல் கோ 1.8 அதைப் பெரும்பாலும் 100 மைக்ரோவிநாடிக்குக் கீழே இறக்கியது. அப்படியும் கோ மொழியில் எழுதப்பட்ட காக்ரோச்டிபி தரவுத்தளத்தின் சேமிப்பு இயந்திரமான பெபிள், தன் பெரிய கேஷை கோவின் குப்பை அகற்றிக்குத் தெரியாத இடத்தில்தான் வைத்துக்கொள்கிறது. நிற்கும் நேரம் குறைந்தாலும் குறியிடும் உழைப்பு குறையவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது திசைதான் உண்மையில் கணக்கை மாற்றியது: குப்பை அகற்றியையே புதிதாக எழுதுவது. அசுல் என்ற நிறுவனம் 2005இல் ‘நிற்காத’ குப்பை அகற்றி பற்றிய கட்டுரையை வெளியிட்டபோது, அதற்கென்று சொந்தமாகச் செய்த கணினிகளில்தான் அது ஓடியது. சில ஆண்டுகளில் சாதாரணச் சர்வர்களுக்கும் கொண்டுவந்தார்கள். பணம் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. எல்லாருக்கும் கிடைத்த வரிசை வேறு. 2012இல் ஜி1 என்ற குப்பை அகற்றி பயன்பாட்டுக்குத் தயாரானது. 2017இல் ஜாவா 9இல் இயல்பான தேர்வானது. ஹீப்பைச் சிறு மனைகளாகப் பிரித்து, எங்கே குப்பை அதிகமோ அந்த மனைகளை முதலில் துப்புரவு செய்யும் முறை அது. நிற்கும் நேரம் சில நூறு மில்லிவிநாடிக்குள் அடங்கியது. சிஎம்எஸ் 2020இல் ஜாவா 14இலிருந்து நீக்கப்பட்டது. அதன் வேலை முடிந்துவிட்டது.

பிறகு வந்தது இசட்ஜிசி. 2018இல் ஜாவா 11இல் சோதனையாக, 2020இல் ஜாவா 15இல் முழு உரிமையோடு. ரெட் ஹேட் நிறுவனத்தார் எழுதிய ஷெனண்டோவாவும் அதே காலம். முன்பு சாப்பாட்டுக் கடையில் பெருக்கித் துடைக்க வேண்டுமென்றால் பந்தியில் இருக்கும் எல்லாரையும் எழுப்பி வாசலில் நிறுத்த வேண்டியிருந்தது. இப்போது அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மேசைகளை இடம்மாற்றித் துடைத்துவிடுகிறார்கள், கையெடுத்தவர் கவனிப்பதற்குள் இலை சரியான இடத்தில் இருக்கிறது. இதைச் செய்ய ஒவ்வொரு முகவரியிலும் சில பிட்களை அடையாளத்துக்காக ஒதுக்குகிறார்கள். நிரல் ஒரு முகவரியை நினைவகத்திலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் சின்னச் சோதனை ஒன்று நடக்கும். அந்தப் பொருள் வேறிடத்துக்கு நகர்ந்திருந்தால், அப்போதே முகவரி திருத்தப்பட்டுவிடும். ஆகவே பொருள்களை நகர்த்த நிரலை நிறுத்த வேண்டியதில்லை. நிற்கும் நேரம் ஹீப்பின் அளவைப் பொறுத்தது என்ற 1960இன் விதி இங்கே அறுந்தது. 16 டெராபைட் ஹீப் வரை தாங்கும். ஜாவா 16 முதல் இடைநிறுத்தம் ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவு.

ஆனால் முதலில் வந்த இசட்ஜிசியில் புதியது, பழையது என்ற பிரிவு இல்லை. ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் குறியிடும். எழுத்துச் சுமை மிகுந்த தரவுத்தளத்தில் அகற்றும் வேகத்தை மிஞ்சிக் குப்பை விழும். அப்போது இடம் கேட்ட த்ரெட்கள், இடம் கிடைக்கும் வரை வரிசையில் காத்திருக்கும். அதை ஜிசி பாஸ் என்று எந்த அளவியும் எழுதாது. வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரியாது. 2023இல் ஜாவா 21 இந்தக் குறையைத் தீர்க்க, அங்கர் 1984இல் சொன்ன தலைமுறைப் பிரிவை இசட்ஜிசிக்குள் கொண்டுவந்தது. ஆரக்கிள் பொறியாளர்கள் அதை அளந்து காட்டக் கசாண்ட்ராவையே எடுத்துக்கொண்டார்கள். பழைய இசட்ஜிசிக்கு வேண்டிய ஹீப்பில் கால்பங்கு போதும், நான்கு மடங்கு வேலை நடக்கிறது, இடைநிறுத்தம் மில்லிவிநாடிக்குள்தான் என்று வெளியிட்டார்கள். பத்தாண்டுக்கும் மேலாக இந்தக் குறையைத் தாங்கிய மென்பொருளே அது தீர்ந்ததற்குச் சாட்சியாகவும் நின்றது எனக்கு நிறைவாக இருந்தது.

சி மொழியில் எழுதினால் குப்பையே இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் சி மொழியில் எழுதப்பட்டது. ஒரு வரிசையைத் திருத்தினால் பழைய நகல் அட்டவணையிலேயே தங்கும். அதைத் துடைக்க ‘வேக்கம்’ வேண்டும். 2002இல் 7.2 பதிப்பு வரும் வரை வேக்கம் ஓடும்போது அட்டவணை பூட்டப்படும். அதனால் நள்ளிரவில் ஓடும்படி ஏற்பாடு செய்து வைத்தார்கள். இன்று அது தானாகப் பின்னணியில் ஓடுகிறது. அங்கும் பாதை ஒன்றேதான்: எல்லாரையும் நிறுத்திவிட்டுச் செய்ததை, யாரையும் நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யக் கற்றார்கள்.

அளப்பதிலும் ஒரு மாற்றம் வந்தது. அன்று சராசரியைக் காட்டி நிம்மதியாக இருந்தோம். அசுலின் கில் டேனே ஒரு பிழையைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னார். சோதனை நிரல் ஒரு கோரிக்கையை அனுப்பி, பதில் வந்த பிறகு அடுத்ததை அனுப்புகிறது. சர்வர் பத்து விநாடி நின்றால், அந்தப் பத்து விநாடியில் வந்திருக்க வேண்டிய ஆயிரம் கோரிக்கைகள் அனுப்பப்படவே இல்லை. கணக்கில் ஒரே ஒரு மோசமான அளவு பதிவாகும். மீதி எல்லாம் அழகாக இருக்கும். நேரில் காத்திருந்த ஆயிரம் பேர் அந்தத் தாளில் இல்லை. நல்ல சோதனைக் கருவிகள் இன்று இதைத் திருத்திக்கொண்டு அளக்கின்றன.

இன்னும் மாறாதது ஒன்று உண்டு. பகிர்ந்த அமைப்புகளின் ஆய்வாளர் மார்ட்டின் கிளெப்மான் 2016இல் எழுதியது அது. ஒரு நிரல் பூட்டு ஒன்றைக் கெடுவோடு வாங்கியது. ஜிசியில் நின்றது. கெடு முடிந்தது. பூட்டு இன்னொருவருக்குப் போனது. முதலாவது விழித்து, பூட்டு இன்னும் தன்னிடம் இருப்பதாக நம்பி எழுதிவிட்டது. ஹெச்பேஸில் இதே பிழை முன்பு இருந்தது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். பூட்டோடு சேர்த்து ஏறுமுகமான எண் ஒன்றைக் கொடுத்து, பழைய எண்ணோடு வரும் எழுத்தைச் சேமிப்பகமே மறுக்க வேண்டும் என்பது தீர்வு. இடைநிறுத்தம் மில்லிவிநாடிக்குச் சுருங்கிவிட்டதால் இது இனி வேண்டாம் என்று சிலர் பேசுவதைக் கேட்கிறேன். கிளவுடில் ஒரு சர்வரை ஓர் இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதும் அது நிற்கும். நினைவகம் வட்டுக்கு வழிந்தாலும் நிற்கும். குப்பை அகற்றி நல்லதாகிவிட்டது என்பதற்காகக் கெடுவை நம்பி எழுதிவிடக் கூடாது.

இவ்வளவுக்கும் பிறகு ஜாவா 8இலேயே தங்கிவிட்ட தரவுத்தளக் கிளஸ்டர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அங்கே இசட்ஜிசி கிடையாது. 2012இல் யாரோ எழுதிய கட்டளை வரிசையும், அதைத் தொட அஞ்சும் ஒரு குழுவும் இருக்கும். உங்கள் பொறுப்பில் அப்படி ஒன்று இருந்தால் மூன்று காரியம் செய்யுங்கள். முதலில் சராசரியை விட்டுவிட்டு, ஒரு வாரத்தில் மிக நீண்ட இடைநிறுத்தம் எது என்று லாக்கில் பாருங்கள். பிறகு உங்கள் தரவுத்தளப் பதிப்பு எந்த ஜாவா வரை தாங்கும் என்று பார்த்து மேலே ஏறுங்கள், கசாண்ட்ரா 5.0 ஜாவா 17ஐத் தாங்குகிறது, அதில் இசட்ஜிசி சோதனை நிலையைத் தாண்டிவிட்டது. புதிய குப்பை அகற்றிக்குக் கூடுதல் நினைவகமும் கொஞ்சம் சிபியுவும் வேண்டியிருக்கும். அதை முன்கூட்டியே ஒதுக்குங்கள். மூன்றாவதாக, பழைய கட்டளைகளைப் புதிய ஜேவிஎம்முக்குச் சுமந்துகொண்டு போகாமல் அழித்துவிட்டு, ஒன்றுமில்லாமல் தொடங்கி அளந்து பாருங்கள்.